ஒரு சாக்குப் பழம்

காப்பிப் பழத்தின் தோல் புளிக்கிற வாசனை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், கள்ளும் வெல்லப்பாகும் ஈர மண்ணும் கலந்த மாதிரி என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். கார்த்திகை பிறந்து பழம் சிவக்கத் தொடங்கினால் தை முடிகிற வரைக்கும் ஏற்காட்டு மலையில் எங்கள் எஸ்டேட் முழுக்க அந்த வாசனைதான். பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்துவிட்டு மிஷின் துப்புகிற தோலெல்லாம் ஓடைக்கரைப் பள்ளத்தில் குவிந்து கிடக்கும். அங்கிருந்து கிளம்புகிற வாசனை சோற்றில் ஏறும், தலைமுடியில் ஏறும், பள்ளிக்கூடப் புத்தகத்தின் தாள்களுக்குள்ளேகூடப் போய் உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் நான் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற கடைவீதிப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "லைன் ஊடு வந்துருச்சுடா" என்று தள்ளி உட்காருவான். லைன் ஊடு என்பது எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள். எங்கள் வரிசையில் எட்டு அறை. அந்த எட்டு அறைக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அப்போது நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் தறி வேலைக்குச் சேலம் போய்விட்டான். அம்மா விடிந்ததும் இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போய்விடுவாள். அப்பாவுக்கு, காப்பிக் கொட்டையைக் காயப் போடுகிற களத்தில் காவல் வேலை. அதனால் விடிந்தும் விடியாமலும் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் தனியாக நடந்து ஏற்காட்டுக்குப் போக வேண்டும், சாயந்திரம் அதே பாதையில் தனியாகத் திரும்ப வேண்டும். பேச ஆள் இல்லாததால் நான் மரங்களை எண்ணிக்கொண்டே போவேன். எத்தனை தடவை எண்ணினாலும் எண்ணிக்கை மாறி மாறித்தான் வரும்.

அந்த வருஷம் கடைசி அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. பூப்போட்ட தகரப் பெட்டி ஒன்று, இரண்டு மூட்டை, அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பெண். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கே உங்களுக்கு இடமில்லை என்று அனுப்பிவிட, கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்து முகாமில் இருந்து, யார் யாரையோ கேட்டு எங்கள் மலைக்கு ஏறி வந்திருந்தார்கள். அவர் பெயர் ராமையா. "எங்க தாத்தா ஆத்தூர் பக்கந்தாங்க. அந்தக் காலத்துல பஞ்சம் பொழைக்கப் போனாரு. நாங்க நம்ம ஊருக்குத்தான் திரும்பி வந்திருக்கோம்" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் ஒரு முறை சொன்னார். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும், பக்கத்து அறை கோவிந்தம்மா அக்கா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு சொன்னாள்:

"தாத்தன் போனானாம், பேரன் வந்தானாம். நடுவுல என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு ஆரு கண்டா?"

எங்கள் வரிசையில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. "சிலோன்காரங்க", அவ்வளவுதான். சிலோன்காரங்க கை நீளம். சிலோன்காரங்க சூனியம் வைப்பாங்க. சிலோன்காரங்க ஊட்டுப் பரணில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் அம்மா கெட்டவள் இல்லை. வழியில் போகிற ஆளைக்கூட உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றுகிறவள். அவளே ஒரு நாள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஒரு நாடே சேந்து தொரத்துதுன்னா சும்மாவா தொரத்தும் கண்ணு? அவங்க மேலயும் எதோ இருக்கோணும்." அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. "அந்தப் புள்ளகூடச் சேந்து போவாத, தெரிஞ்சுதா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வராணி. என் வகுப்பில்தான் சேர்த்தார்கள். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே பள்ளிக்கூடம். நான் முன்னால் போவேன். அவள் முப்பது அடி பின்னால் வருவாள். நான் நின்றால் அவளும் நிற்பாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை; எங்கே போனாலும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு வாரம் இப்படியே போனது. அவள் காலடிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்ததில் நான் மரம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் பனி இறங்கியது. எங்கள் மலையில் பனி இறங்கினால் நீட்டிய கையின் விரல் தெரியாது. பாதை, மரம், பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளை. கொஞ்ச நேரமாகக் காலடிச் சத்தமும் கேட்கவில்லை. பயத்தில் நான் நின்றுவிட்டேன். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏய்... இருக்கியா?"

"இருக்கேன்."

"எங்க இருக்க?"

"இங்கதான்."

"இங்கன்னா எங்க? எல்லாமே வெள்ளையால்ல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே பனிக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். "இப்ப யாரும் பாக்க மாட்டாங்க. சேந்தே போவோமா?" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டானது. பனி இருக்கிற நாளில் சேர்ந்து நடப்போம். வெயில் அடித்தால் முப்பது அடி. காலையில் எழுந்ததும் நான் வாசலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்ப்பேன். மழைக்கும் வெயிலுக்கும் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பனிக்கு வேண்டிக்கொண்டவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் பேசுவது தமிழ்தான், ஆனால் நடுவில் வேறு சொற்கள் வந்து விழும். ரொட்டி அவளுக்குப் "பாண்", பாட்டில் "போத்தல்". ஒரு நாள் வகுப்புக்குத் தாமதமாக வந்தவளை டீச்சர் ஏன் என்று கேட்க, "சப்பாத்து நனைஞ்சிருச்சு டீச்சர், அடுப்பு மேல வச்சுக் காய வச்சேன்" என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. சப்பாத்து என்றால் அவர்கள் பேச்சில் பூட்ஸ் மாதிரியான காலணி. முகாமில் யாரோ கொடுத்த வெள்ளைத் துணிக் காலணி ஒன்று அவளிடம் இருந்தது. வகுப்புக்கு அது சப்பாத்தி என்று கேட்டது. "சப்பாத்தி நனைஞ்சிருச்சாம்டா, காயப் போட்டாளாம்டா!" அன்றிலிருந்து அவளுக்குச் சப்பாத்தி என்றே பெயர் ஆகிவிட்டது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன், ஏனென்றால் அந்த வகுப்பில் என்னை விட்டுவிட்டு இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த பனி நாளில் அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சப்பாத்து என்றால் என்னவென்று மட்டும் சொன்னாள். பதிலுக்கு நானும் எங்கள் பேச்சைச் சொல்லிக் கொடுத்தேன். "கடையில போயிச் சீனின்னு கேக்காத புள்ள. அஸ்கான்னு கேளு."

"அஸ்காவா? இருமல் மருந்து மாதிரி இருக்கு. அதைப் போட்டா தேத்தண்ணி குடிக்கிறீங்க?"

இப்படி ஒரு மாதம். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே எனக்கு நினைவிருக்கிற படிப்பு அந்தப் பனிக்குள் நடந்ததுதான்.

மார்கழி நடுவில் களத்தில் காப்பி மூட்டை குறைகிறது என்று பேச்சு எழுந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி வந்து அப்பாவை எல்லோர் முன்னாலும், "கண்ணைத் தொறந்துட்டுக் காவல் இருக்கியா, மூடிட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. இன்னும் ஒரு மூட்டை குறைந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அறையும் போய்விடும். இதை அவர் அம்மாவிடம் சொல்லும்போது நான் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நல்ல பனி. செல்வராணி அன்றைக்கு ஒரே குதூகலமாக வந்தாள். "உனக்கு ஒன்னு சொல்லட்டா? யாருக்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்: "எங்கப்பா ஒரு சாக்குப் பழம் கொண்டாந்தாரு. அம்மாவுக்கே பயம். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு."

அதற்கப்புறம் அவள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள், பழத்தை மண்ணில் போட்டால் என்ன ஆகும், தகர டின் எங்கே கிடைக்கும் என்றெல்லாம். என் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு சாக்குப் பழம். ஒரு சாக்கு. அப்பாவின் தலை குனிந்திருந்தது மட்டும் கண்ணில் நின்றது. அப்படியானால் எல்லோரும் சொன்னது நிஜம்தான். கை நீளம்தான். சும்மாவா ஒரு நாடே தொரத்தும்?

சாயந்திரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று அவள் கேட்டதற்கு, "பாதையில பேசிக்கிட்டது காதுல உழுந்துச்சு" என்று ஒரு பொய்யும் சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ கம்முனு இரு சாமி, அப்பா பாத்துக்குவாரு" என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கிற முற்றத்தில் எல்லோரும் நிற்கும்போதே கடைசி அறையைச் சோதனை போட்டார்கள். மேஸ்திரி, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர், கூட நாலு ஆட்கள். தகரப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரு சேலை, சில காகிதங்கள், சாமி படம், பிள்ளையின் சப்பாத்து. பரணில் ஏறிப் பார்த்தார்கள், விறகுதான் இருந்தது. செல்வராணி அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் அம்மாவின் பின்னால் நின்றேன்.

மேஸ்திரி ராமையாவின் முகத்துக்கு நேரே போய்க் கேட்டார்: "சாக்கு எங்கய்யா?"

ராமையா முழித்தார். "சாக்குங்களா?"

"ஆமா, சாக்கு! பழம் கொண்டாந்த சாக்கு!"

ராமையாவின் முகம் மாறியது. மாட்டிக்கொண்ட ஆளின் முகம்தான். மெதுவாகக் கையைத் தூக்கித் தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இந்தாங்க, இந்தச் சாக்குதாங்க. தப்புதாங்க, மன்னிச்சிருங்க." பையின் அடியில் பழச்சாறு பட்டுக் கறுத்த கறை இருந்தது.

கூட்டத்தில் ஒருவன் பக்கென்று சிரித்தான். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நக்கலா பண்ற? சாக்கு எங்கன்னா சட்டையத் தடவிக் காட்டுறே? கப்பல்ல வந்த கொழுப்பா?" என்று ராமையாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பை தையல் விட்டுத் தொங்கியது. "இல்லீங்க தொரை, சாக்குன்னா... ஒரு கைப்பிடிதாங்க... வெத போட்டுப் பாக்கலாம்னு... நாங்க தேயிலைதான் பாத்திருக்கோம், காப்பி எப்பிடி மொளைக்கும்னு புள்ள கேட்டுச்சு..." அவர் சொல்லச் சொல்ல, "கதை விடுறான் பாரு" என்று கோவிந்தம்மா அக்கா சொன்னது கேட்டது.

அந்த முற்றத்தில் அவர் சொன்னது ஒருவனுக்கு மட்டும் புரிந்துவிட்டது. வகுப்பில் செல்வராணி, "பென்சில் சாக்குல இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் நான் அவளுடைய கோணித்துணிப் புத்தகப் பையைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் பென்சில் ஒவ்வொரு தடவையும் அவள் கவுன் பையிலிருந்துதான் வந்தது. சாக்கு என்றால் அவர்களுக்குச் சட்டைப் பை. ஒரு சாக்குப் பழம் என்றால் ஒரு பை நிறைய, கைக்குள் அடங்குகிற இருபது முப்பது பழம்.

வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவளோடு நடந்தது தெரியும், சத்தியம் செய்துவிட்டுச் சொன்னவன் நான்தான் என்று அவளுக்கும் தெரியும். நான் அம்மாவின் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் எல்லோரும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருந்தினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. "எவ்வளவு பக்காவா ஒளிச்சிருக்காங்க பாத்தியா? இதெல்லாம் அங்கயே பழகுனதுங்க" என்றார்கள். மூட்டை கிடைத்திருந்தால் திருடர்கள். கிடைக்காததால் கைதேர்ந்த திருடர்கள். நம் தமிழில் சாக்குக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதல்லவா, ஒன்றைச் செய்வதற்குச் சொல்கிற காரணம்? அந்தச் சாக்கு மட்டும் அன்றைக்கு எல்லோர் கையிலும் இருந்தது.

நாலாம் நாள் ரைட்டர், இப்போதைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய சாயந்திரம் குழாயடியில் செல்வராணி தனியாக நின்றிருந்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய், குனிந்துகொண்டே நின்றேன். என்னவாவது சொல்லித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்ததும் குழாயை மூடிவிட்டு, சண்டைக்கான குரல் கொஞ்சமும் இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிச் சொன்னாள்:

"நான் உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

மறுநாள் அவர்கள் பஸ்ஸேறி அடிவாரம் இறங்கிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊட்டிப் பக்கம் தேயிலைக்குப் போனார்கள் என்று ஒருவர் சொன்னார், ஆத்தூருக்கே போனார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அவர்கள் போன பிறகும் களத்தில் மூட்டை குறைந்தது. அப்போது யாரையும் சொல்ல முடியாததால், எலி என்று சொன்னார்கள். அப்பாவின் வேலை போகவில்லை. தை மாதம் முழுக்கப் பனி இறங்கியது. நான் அதற்குள் தனியாக நடந்தேன். நின்று நின்று பார்ப்பேன். இருக்கியா என்று கேட்க யாரும் இல்லை.

இப்போது நான் சேலத்தில் டயர் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். போன கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலே போனேன். லைன் வீடுகள் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற கண்ணாடி வீடுகள் நிற்கின்றன. ஆள் எடுக்கிற முற்றத்தில் நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி, கோவிந்தம்மா அக்கா, என் அப்பா, அம்மா யாரும் இல்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான்தான்.

அங்கிருந்து திரும்பி வந்த வாரம் என் சின்ன மகன் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அப்பா, நம்ம தெருவுல இந்திக்காரங்க குடி வந்ததுல இருந்து சைக்கிளா காணாமப் போகுதாம். அவங்க எல்லாருமே அப்படித்தானாம்."

"ஆரு பாத்தாங்க?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் இந்தக் கதையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரிகூடக் கேட்டதில்லை. அவன் கடைசி வரைக்கும் கேட்டான்.

"நீங்க ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"பயந்துட்டேன் சாமி."

"இப்பத்தான் திட்டறதுக்கு ஆருமே இல்லையே. இப்பச் சொல்லுங்க."

பத்து வயதுப் பிள்ளை சொல்கிற யோசனைதான். கேட்க வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ. ஆனாலும் அவன் சொன்னது சரிதான். ஆகவே சொல்கிறேன். அவர்கள் பேச்சில் சாக்கு என்றால் சட்டைப் பை. ராமையா எடுத்தது ஒரு கைப்பிடிப் பழம், மகளுக்கு முளைக்க வைத்துக் காட்ட. மூட்டை எதுவும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மேஸ்திரியை அவர் நக்கல் பண்ணவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொன்னார். இது எனக்கு அன்றைக்குக் காலையிலேயே தெரியும்.